குழந்தையின் நாக்கு வெந்து சிவந்தால்: நாவழற்சியும் அதற்கான சிகிச்சையும்

நேற்றுவரை ரசஞ்சோற்றை ஆவலோடு சாப்பிட்ட குழந்தை இன்று முதல் கவளத்திலேயே "எரியுது" என்று துப்பிவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் உடனே சொல்வது "சூடு, வாய் வெந்துபோச்சு" என்பதுதான். மும்பையில் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களோடு மருத்துவமனைக்குத் துணையாகச் சென்று, அவர்கள் தமிழில் சொல்வதை இந்தியிலும் மராத்தியிலும் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். 'வாய் வெந்துபோச்சு' என்ற அந்தச் சொல்லுக்குள் எத்தனையோ வெவ்வேறு நிலைகள் அடங்கியிருப்பதையும், அவற்றில் சில ஒன்றுமே செய்யாமல் சரியாகிவிடும் என்பதையும், வேறு சில ஒரு வாரம் தாமதித்தாலும் இதயத்தையோ மூளையையோ தொட்டுவிடும் என்பதையும் அந்த மருத்துவமனை வரிசைகளில் காத்திருந்த நாட்களில்தான் கற்றுக்கொண்டேன். நாக்கில் எதைத் தடவலாம் என்று தேடுவதற்கு முன்னால் நாக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று பெற்றோர் கேட்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாக்கு வீங்கியோ, சிவந்தோ, எரிச்சலெடுத்தோ இருப்பதையும், தன் இயல்பான சொரசொரப்பை இழந்து வழுவழுப்பாகிவிடுவதையும் நாவழற்சி என்கிறோம். இது தனியொரு நோயின் பெயரன்று. காய்ச்சல் என்பதைப்போல உடம்பில் ஏதோ நடக்கிறது என்பதற்கான அடையாளத்தின் பெயர். காய்ச்சலுக்குக் காரணம் டெங்குவாகவும் இருக்கலாம், சாதாரணச் சளியாகவும் இருக்கலாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நாக்கைப் பற்றி மட்டும் அப்படி நினைக்க நாம் பழகவில்லை.

நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் ஆரோக்கியமான குழந்தையின் நாக்கு பளபளக்காது. வெல்வெட் துணியைப்போல மங்கலான இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தத் தோற்றத்தைத் தருபவை, மேற்பரப்பு முழுவதும் நெருக்கமாக முளைத்திருக்கும் இழைபோன்ற மிக நுண்ணிய முளைகள். இவற்றுக்குச் சுவை தெரியாது; உணவைப் பற்றிப் புரட்டுவதற்கான சொரசொரப்பைத் தருவதே இவற்றின் வேலை. பூனை நம் கையை நக்கும்போது அரம்போல உராய்பவையும் இதே வகை முளைகள்தாம். பூனைக்கு அவை பெரிதாகவும் கடினமாகவும் இருக்கின்றன. இவற்றுக்கிடையே ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகளாகத் தெரிபவை காளான் வடிவ முளைகள்; சுவை மொட்டுகள் இவற்றில் இருக்கின்றன. நாக்கின் பின்பகுதியில், தொண்டைக்கு அருகே, 8 முதல் 12 வரையிலான பெரிய முண்டுகள் வரிசையாக இருக்கும். குழந்தை வாயை அகலத் திறக்கும்போது இவற்றைத் தற்செயலாகக் கண்டு, கட்டி வந்துவிட்டது என்று பதறி வந்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அவை எல்லோருக்கும் பிறவியிலிருந்தே இருப்பவை.

இந்த மேற்படலத்தின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டே இருக்கின்றன. உடம்பில் இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள் குறைவு. வேகமாக வளரும் செல்களுக்கு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 போன்ற சத்துகள் இடைவிடாமல் வேண்டும். வரத்து குறைந்தால் முதலில் தடுமாறுவது இத்தகைய இடங்கள்தாம்: இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் நாக்கும். நுண்முளைகள் மீண்டும் முளைக்காமல் போகும்போது அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் நேராகத் தெரிவதால் நாக்கு சிவந்து, ஈரமான பளிங்குபோல மின்னுகிறது. காப்பு குறைந்துவிட்டதால் காரமும் புளியும் நேரே உறைக்கின்றன. குழந்தை ரசஞ்சோற்றைத் துப்புவதற்குப் பின்னால் இத்தனை இருக்கக்கூடும்.

ஆகவே முதல் வேலை, சரியாகப் பார்ப்பது. சாளரத்தருகே பகல் வெளிச்சத்தில் குழந்தையை மடியில் உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொல்லுங்கள். சால் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் பகல் வெளிச்சம் வராத அறையென்றால் கைப்பேசியின் விளக்கு போதும். கருஞ்சாறு ஊற்றிய காலா கட்டா ஐஸ் கோலாவோ வண்ண மிட்டாயோ தின்ற ஒரு மணி நேரத்துக்குள் பார்த்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். நிறம் என்ன, சொரசொரப்பு இருக்கிறதா, வெண்மை இருந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போகிறதா, குழிவிழுந்த புண் இருக்கிறதா, ஓரங்களில் பல்லின் தடம் பதிந்திருக்கிறதா, உதட்டோரம் வெடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு நாக்கை விட்டுவிட்டுக் குழந்தையை முழுதாகப் பாருங்கள்: கண், உள்ளங்கை, பாதம், கழுத்து, தோல். பார்த்ததைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

காய்ச்சல் இல்லாமல் வரும் மாற்றங்கள்

பெற்றோரை அதிகம் பயமுறுத்துவதும் குழந்தைக்குக் குறைவாகத் தீங்கு செய்வதும் 'நிலப்பட நாக்கு' எனப்படும் நிலை. நாக்கின் மேல் சிவந்த திட்டுகள் தோன்றும். அவற்றின் ஓரத்தில் வெண்மையாக ஒரு வரம்பு வளைந்து ஓடும். பார்ப்பதற்குத் தேசப்படத்தில் தீவுகளை வரைந்ததுபோல இருக்கும். இதன் அடையாளமே இடம் மாறுவதுதான். செம்பூரில் வசிக்கும் ஒரு தாய் மூன்று வாரம் எடுத்த படங்களைக் காட்டினார்: திங்கட்கிழமை வலது ஓரத்தில் இருந்த திட்டு வியாழக்கிழமை அங்கே இல்லை, நடுவில் புதிதாக இன்னொன்று இருந்தது. மருத்துவர் அந்தப் படங்களைப் பார்த்ததுமே நோயைச் சொல்லிவிட்டார். இரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படவில்லை. இது தொற்றாது, புற்றுநோயாக மாறாது, சிகிச்சையும் வேண்டாம். எரிச்சல் இருக்கும் நாட்களில் காரத்தையும் புளிப்பையும் குறைத்தால் போதும். சில குழந்தைகளுக்கு இதோடு நாக்கில் ஆழமான வரிப்பிளவுகளும் இருக்கும். அவற்றில் உணவுத் துணுக்கு தங்காதபடி வாயைக் கொப்பளிக்கச் சொல்வதைத் தவிர அதற்கும் வேறு ஒன்றும் தேவையில்லை.

கைக்குழந்தைகளின் நாக்கில் மாவு பூத்ததுபோல வருவதைப் பெரியவர்கள் அக்கரம் என்றும் வெள்ளை என்றும் சொல்வார்கள். பால் குடித்தபின் நாக்கில் படியும் ஏடும் வெண்மையாகத்தான் இருக்கும், ஆனால் ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போய்விடும். கேண்டிடா என்ற பூஞ்சையால் வரும் வெண்மை அவ்வளவு எளிதில் போகாது. நாக்கில் மட்டும் நில்லாமல் கன்னத்தின் உட்புறத்திலும் உதட்டின் உட்புறத்திலும் தயிர்த்திப்பிகள்போல ஒட்டியிருக்கும். வலிய சுரண்டினால் அடியில் சிவந்து இரத்தம் கசியும். அப்படிச் சுரண்டவே கூடாது. இதற்கு மருத்துவர் நிஸ்டாட்டின் சொட்டு மருந்தையோ குளோட்ரிமசோல் கலந்த வாய்ப்பூச்சையோ தருவார். வெண்மை மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை தொடரவேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்பி வரும். பால்கொடுக்கும் தாயின் மார்புக்காம்பில் வலியோ வெடிப்போ இருந்தால் தாய்க்கும் சேர்த்தே மருந்து வேண்டும். இல்லையென்றால் பூஞ்சை தாயிடமிருந்து குழந்தைக்கும் குழந்தையிடமிருந்து தாய்க்கும் மாறிமாறிப் போய்க்கொண்டிருக்கும். புட்டிப்பால் கொடுப்பவர்கள் புட்டியின் காம்பை நாள்தோறும் கொதிநீரில் போட்டெடுக்கவேண்டும்.

பெரிய குழந்தைகளுக்கு இந்தப் பூஞ்சை வந்தால் காரணம் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் மருந்தாக இருக்கும், அல்லது ஆஸ்துமாவுக்காக இழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலராக இருக்கும். இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள், ஒவ்வொரு முறையும் இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், இன்ஹேலருக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து இழுக்கப் பழக்குங்கள். இந்த இரண்டு காரணமும் இல்லாமல் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு மீண்டும் மீண்டும் வந்தால், இரத்தச் சர்க்கரையையும் நோயெதிர்ப்புச் சக்தியையும் பரிசோதித்தே ஆகவேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவது சத்துக் குறைவால் வரும் நாவழற்சி. தடவும் மருந்துகளால் அதிகம் மறைக்கப்படுவது இதுதான். என் தவறும் இதில்தான் இருக்கிறது.

ஒரு மழைக்காலத்தில் தாராவியின் 90 அடிச் சாலைக்கு அருகிலிருந்து, திருநெல்வேலிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பாட்டி நான்கு வயதுப் பேரனோடு வந்தார். "மூணு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்கான், தாயி. நாக்கெல்லாம் புண்ணு" என்றார். அருகிலிருந்த சிறிய மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போய், அவர் சொன்ன 'புண்ணு' என்பதை நான் அப்படியே 'சாலே' என்று இந்தியில் சொன்னேன். அந்தச் சொல் கொப்புளத்தையும் குழிப்புண்ணையும் குறிக்கும். மருத்துவரும் அதற்கேற்ற ஜெல்லை எழுதிக்கொடுத்தார். ஒரு வாரம் தடவியும் எதுவும் மாறவில்லை. பிறகு ஒரு பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் நாக்கைப் பார்ப்பதற்கு முன்பே பையனின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், இரண்டும் வெளுத்திருந்தன. நாக்கில் புண் எதுவும் இல்லை. நடுவில் வெளிறி, ஓரத்தில் சிவந்து, சோப்புக்கட்டிபோல வழுவழுப்பாக இருந்தது. "மண் தின்கிறானா?" என்று மருத்துவர் கேட்டதை நான் தமிழில் சொன்னதும், பாட்டி சற்றுத் தயங்கி, "செவுத்துச் சுண்ணாம்பைச் சொரண்டித் திங்கான், அடிச்சும் பாத்தாச்சு" என்றார். பையனின் உணவு பெரும்பாலும் சாயில், அதாவது தேநீரில், தோய்த்த காரி என்ற மொறுமொறு பிஸ்கட்டும், அதுபோக நாளொன்றுக்கு நான்கைந்து டம்ளர் பாலும் என்பது பிறகு தெரியவந்தது.

இரும்புச்சத்துக் குறைவின் முழுப்படமும் அந்தப் பையனிடம் இருந்தது. பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிற்றைப் பாலே நிரப்பிவிட்டால் இரும்பு தரும் உணவுக்கு இடமிருக்காது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கிறது. மண், சுண்ணாம்பு, சாக்பீஸ், அரிசி ஆகியவற்றைத் தின்னும் ஆசை கெட்ட பழக்கமன்று. பலசமயம் இரும்புக் குறைவின் அறிகுறி அது. அதற்காக எந்தக் குழந்தையையும் அடிக்காதீர்கள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையிலான குழந்தைகளில் 67 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. இத்தனை குழந்தைகளின் நாக்கும் வெந்துபோவதில்லை. ஆனால் காய்ச்சல் இல்லாமல் நாக்கு வழுவழுப்பானால் முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

சிகிச்சைக்கான அளவு வழக்கமாக, குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் இரும்பு. எந்தப் புட்டியில் எத்தனை மில்லிலிட்டருக்கு எவ்வளவு இரும்பு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், மருத்துவர் எழுதிய பெயரையே வாங்கவேண்டும். சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் கொடுத்தால் உடம்பு நன்றாக ஏற்கும். பாலோடும் தேநீரோடும் கொடுக்கக்கூடாது. மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பே. பற்களில் கறை படியாமலிருக்க நாக்கின் பின்பக்கமாக ஊற்றி, பிறகு தண்ணீர் கொடுக்கவேண்டும். நாக்கு வலி குறைந்ததும் ஹீமோகுளோபின் ஏறிவிட்டதாக நினைத்து நிறுத்துபவர்கள் பலர். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பின்னும் உடம்பின் கையிருப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் தொடரவேண்டியிருக்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: இரும்பு மருந்துப் புட்டி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். இனிப்பாக இருக்கிறதென்று குழந்தை அதை முழுவதும் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அங்கன்வாடியில் கிடைக்கும் இரும்புச் சிரப்பும் பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இளஞ்சிவப்பு மாத்திரையும் இரத்தசோகை வராமல் தடுப்பதற்கான அளவு. அதை வாங்கிச் சாப்பிடுவது நல்லது. ஆனால் நாக்கு வெந்தபிறகு அது மட்டுமே போதாது.

பி12 குறைவும் ஃபோலிக் அமிலக் குறைவும் நாக்கைத் தீச்சிவப்பாக, பச்சை இறைச்சியின் நிறத்துக்குக் கொண்டுபோகும். ஃபோலிக் அமிலத்தின் கதை மும்பையோடும் நம் ஊரோடும் சேர்ந்தது. பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய, லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் பணியாற்றினார். பின்னர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ஆய்வைத் தொடர்ந்தார். அன்று தெரிந்திருந்த எந்த உயிர்ச்சத்தாலும் தீராத அந்தச் சோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதை அவர் 1931இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த, அதுவரை பெயரில்லாத பொருளை 'வில்ஸ் காரணி' என்று அழைத்தார்கள். 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது அதற்கு ஃபோலிக் அமிலம் என்ற பெயர் வந்தது. சயான் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு மூன்று நிறுத்தம் தள்ளி, நம் மக்கள் தினமும் கடந்துபோகும் பகுதியில் தொடங்கிய ஆராய்ச்சி இது.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பி12 குறைவாக இருக்கும் குழந்தைக்கு ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை குறைந்து, நாக்கும் தேறியதுபோலத் தெரியும். நரம்புகளின் சேதமோ உள்ளே தொடர்ந்துகொண்டிருக்கும். ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால், தயிர் போன்ற விலங்குவழி உணவுகளிலிருந்துதான். சைவ உணவோடு பாலும் தயிரும்கூட அதிகம் சேர்க்காத தாயின் பாலை மட்டுமே குடித்து வளரும் குழந்தைக்கு ஆறேழு மாதத்தில் இந்தக் குறைவு வெளிப்படலாம். சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்தும், நின்ற தலை துவளும், விரல் முட்டிகள் கறுக்கும், கைகால் நடுங்கும், நாக்கு சிவந்து வழுவழுப்பாகும். இதில் ஏதாவது இரண்டைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இதற்கு பி12 ஊசி உண்டு, பலன் விரைவாகத் தெரியும், தாய்க்கும் சேர்த்துச் சிகிச்சை அளிப்பார்கள். தாமதித்தால் வளர்ச்சியில் விழுந்த பின்னடைவு முழுதும் ஈடாகாமல் போகலாம்.

உதட்டோரம் வெடித்து நாக்கு ஊதா கலந்த சிவப்பாக இருந்தால் ரைபோஃப்ளேவின் என்ற பி2 சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். ஒரு சத்து குறைந்த குழந்தைக்குப் பெரும்பாலும் இன்னொன்றும் குறைந்தே இருக்கும் என்பதால், மருத்துவர் இவற்றைச் சேர்த்தே யோசிப்பார். நன்றாகச் சாப்பிட்டும் சத்துக் குறைவு தொடர்ந்தால், குடல் சத்தை உறிஞ்சாத நோய்களையோ குடற்புழுக்களையோ தேடவேண்டியிருக்கும்.

காய்ச்சலோடு வந்தால்

மழை தொடங்கியதும் பாலர் பள்ளிகளில் பரவும் கை-கால்-வாய் நோயில் நாக்கிலும் வாயிலும் சிறு கொப்புளங்கள் உடைந்து புண்ணாகும். உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளம் இருக்கும். வைரஸால் வருவது, 7 முதல் 10 நாட்களில் தானே ஆறும். ஈறும் சேர்ந்து வீங்கி, தொட்டால் இரத்தம் கசிந்து, காய்ச்சலும் கடுமையாக இருந்தால் அது ஹெர்பீஸ் வைரஸின் முதல் தாக்குதலாக இருக்கலாம். இதற்கான மருந்து முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும் என்பதால் காத்திருக்க வேண்டாம்.

நாக்கில் காளான் வடிவ முளைகள் புடைத்து, ஸ்ட்ராபெர்ரிப் பழத்தின் மேற்புறம்போலச் சிவந்து புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் இரண்டு நோய்களை நினைக்கவேண்டும். ஒன்று, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் செங்காய்ச்சல். தொண்டை வலியும், தொட்டால் உப்புத்தாள்போல உரசும் தடிப்பும் இதில் இருக்கும். பெனிசிலின் வகை மருந்தை வழக்கமாக 10 நாள் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே குழந்தை விளையாடத் தொடங்கினாலும் மருந்தை முடிக்கவேண்டும், ஏனென்றால் இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் பின்னால் வராமல் தடுப்பது அந்த முழு அளவுதான்.

மற்றொன்று கவாசாகி நோய். ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967இல் விவரித்தது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது. ஐந்து நாளாகியும் இறங்காத காய்ச்சல், பீளை தள்ளாமல் சிவந்த இரு கண்கள், வெடித்துச் சிவந்த உதடு, ஸ்ட்ராபெர்ரி நாக்கு, உடம்பில் தடிப்பு, வீங்கிய கைகால், கழுத்தில் ஒருபக்கம் நெறிகட்டுதல் ஆகியவை சேர்ந்து வரும். எல்லாம் ஒரே நாளில் தெரியாமல் ஒன்றன்பின் ஒன்றாகவும் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத்தின் இரத்தக் குழாய் புடைத்துப் பழுதாகிறது. காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை இரத்தக் குழாய்வழியே ஏற்றினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. இந்தக் குழந்தைகளில் பலருக்கு முதல் வாரத்தில் நாக்குக்கு ஜெல்லும் காய்ச்சலுக்குச் சிரப்புமாக நாள் போய்விடுவதுதான் என் பெரிய கவலை. ஐந்தாம் நாள் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். இதில் ஆஸ்பிரினும் கொடுப்பார்கள். அது மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது. வேறு எந்தக் காய்ச்சலுக்கும் குழந்தைக்கு நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்கக்கூடாது.

காத்திருக்கவே கூடாத நிலை

நிலக்கடலை, முந்திரி, இறால் போன்ற உணவையோ புதிய மருந்தையோ சாப்பிட்ட சில நிமிடங்களில், அல்லது தேனீ கொட்டியபின், நாக்கும் உதடும் வீங்கினால் அது ஒவ்வாமை. எச்சில் வழிவது, விழுங்க முடியாமை, குரல் மாறுவது, மூச்சில் சத்தம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம் ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். போக்குவரத்து நெரிசலில் வண்டி வரத் தாமதமாகும் என்றால் கிடைத்த டாக்ஸியிலோ ரிக்‌ஷாவிலோ பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தொடைத்தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் இங்கே உயிர்காக்கும் மருந்து. அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தானது. குழந்தை மூச்சுத் திணறினால் படுக்கவைக்காமல் வசதியாக உட்காரவையுங்கள். வாய்க்குள் விரலோ கரண்டியோ விடாதீர்கள்.

வீட்டில் செய்யவேண்டியதும் செய்யக்கூடாததும்

காரணம் எதுவாக இருந்தாலும், நாக்கு வலிக்கும் குழந்தைக்கு உடனடியாக வரும் ஆபத்து நீர் வற்றிப்போவதுதான். சாப்பிடாவிட்டாலும் இரண்டு நாள் சமாளிக்கலாம், குடிக்காவிட்டால் முடியாது. புளிக்காத தயிரில் நன்றாகப் பிசைந்த குழைசோறு, உப்பு குறைத்த மோர், இளநீர், ஆறிய கஞ்சி, ராகிக்கூழ், வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். டம்ளரின் விளிம்பு நாக்கில் பட்டு வலித்தால் சிறு கரண்டியால் கன்னத்தின் பக்கமாக ஊற்றலாம். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழும்போது கண்ணீர் வரவில்லை, குழந்தை துவண்டுகிடக்கிறது என்றால் மருத்துவமனைதான்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும்: ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்ற கணக்கில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் போகாமல். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது. இதில் நடக்கும் பிழை புட்டியில்தான். 12 கிலோ குழந்தைக்கு வேண்டியது 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பென்றால் அது 7.5 மில்லி, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பென்றால் 3.6 மில்லி, ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தென்றால் 1.8 மில்லிதான். மூன்றும் கடையில் அடுத்தடுத்த தட்டில் இருக்கும். சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் கல்லீரலுக்குக் கேடு. வாங்கும்போதே லேபிளைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் கடைக்காரரிடம் எத்தனை மில்லிகிராம் என்று கேட்டு மூடியின்மேல் எழுதி வாங்குங்கள்.

தேன் நம் வழக்கத்தில் முதலில் கைக்கு வரும் மருந்து. ஒரு வயது நிறைவதற்கு முன் தேனை நாக்கில் தொட்டுவைப்பதும் கூடாது; அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். கிளிசரினில் கலந்த வெண்காரத்தைத் தடவுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. வெண்காரம் குழந்தைகளுக்கு நஞ்சு. விழுங்கினால் வாந்தி, வலிப்புவரை கொண்டுபோகும். மரத்துப்போகச் செய்யும் ஜெல்களையும் மருத்துவர் சொல்லாமல் தடவவேண்டாம். அவற்றில் பென்சோகெயின் கலந்தவை, குறிப்பாக இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடக்கூடும். சென்ற முறை மிஞ்சிய ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுப்பது பூஞ்சையை வளர்க்கும்.

மணத்தக்காளிக் கீரையைப் பற்றி எல்லாப் பாட்டிகளும் கேட்பார்கள். மாட்டுங்கா சந்தையில் அது கிடைக்கிறது. ஓரளவு பெரிய குழந்தைக்கு அதைத் தேங்காய்ப்பாலோடு காரமில்லாமல் சமைத்துத் தருவதில் தவறே இல்லை. கீரை நல்ல உணவு. பி12 எந்தக் கீரையிலும் கிடையாது என்பதையும், கீரையிலுள்ள இரும்பு வெந்த நாக்கைத் தேற்றும் அளவுக்கு விரைவில் ஏறாது என்பதையும் தெரிந்துகொண்டு, மருந்தோடு சேர்த்துக் கொடுங்கள்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது

மராத்தியில் வாய் புண்ணாவதைத் 'தோண்ட் ஆலே' என்பார்கள். 'வாய் வந்தது' என்பது அதன் நேர்ப்பொருள். செவிலியர் இப்படிக் கேட்டால் திகைக்க வேண்டாம். நாக்குக்கு இந்தியிலும் மராத்தியிலும் 'ஜீப்' என்றால் போதும். ஆனால் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள்: கொப்புளமோ குழியோ கண்ணால் கண்டால் மட்டும் 'சாலே' என்று சொல்லுங்கள். நாக்கு வழுவழுப்பாகச் சிவந்திருந்தால் 'ஜீப் லால் ஹை, சிக்னி ஹை' என்று சொல்லுங்கள். அந்த 'சிக்னி' என்ற சொல், வழவழப்பு, மருத்துவரின் கையை ஜெல் எழுதும் சீட்டிலிருந்து இரத்தப் பரிசோதனைச் சீட்டுக்குக் கொண்டுபோகும். எத்தனை நாளாக, காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது, என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு பால், சாய் உண்டா, மண்ணோ சுண்ணாம்போ தின்கிறானா, கடைசியாக என்ன மருந்து சாப்பிட்டான் என்பவற்றை ஒரு தாளில் தமிழிலேயே எழுதி எடுத்துச் செல்லுங்கள். துணைக்கு வருபவர் படித்துச் சொல்வார். இதுவரை கொடுத்த எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

சுண்ணாம்பு தின்ற அந்தப் பையனுக்கு ஹீமோகுளோபின் மிகவும் குறைந்து, 7க்குச் சற்று மேலே இருந்தது. இரும்பு மருந்து தொடங்கி, சாயை நிறுத்தி, பாலை நாளொன்றுக்கு இரண்டு டம்ளராகக் குறைத்தார்கள். ஒரு வாரத்தில் எரிச்சல் குறைந்து சோறு இறங்கத் தொடங்கியது. சுவரைச் சுரண்டுவது அதற்கடுத்த வாரங்களில் தானாக நின்றது. நான்காவது வாரம் மறுபரிசோதனைக்குப் போனபோது, பாட்டியே சாளரத்தருகே அவன் முகத்தைத் தூக்கிப் பிடித்து, நாக்கின் ஓரத்தில் மீண்டும் சொரசொரப்பு வந்திருப்பதை எனக்குக் காட்டினார். நடுப்பகுதி முளைக்க இன்னும் சில வாரங்கள் ஆயின.